தினமும் 130 கிலோமீட்டர் ஹைவே ஓட்டுற அக்காவுக்கு எந்த டீசல் செடான்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க அக்கா வீடு திண்டுக்கல், வேலை மதுரையில ஒரு பேங்க்ல. போக 65, வர 65, ஒரு நாளைக்கு 130 கிலோமீட்டர், மாசம் 25 நாள். மாமா துபாய்ல இருக்காரு, பசங்க ஸ்கூல் திண்டுக்கல்ல, அம்மாவும் அக்கா கூடதான், அதனால வீட்டை மதுரைக்கு மாத்த வழியில்ல. அக்காவுக்கு கார் தேடி நாலு மாசம் அலைஞ்சேன், இருபதுக்கு மேல வண்டி பாத்தேன். அப்ப இருந்து சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்கன்னு ஆளாளுக்கு அதே கேள்விகளைத்தான் கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன்.

கேள்வி: திண்டுக்கல்-மதுரைக்கு ட்ரெயின் அவ்வளவு இருக்கே, எதுக்கு கார்?

அக்கா ஒரு வருஷம் ட்ரெயின்லதான் போனாங்க. காலையில பிரச்சனையே இல்ல, ஒரு மணி நேரத்துல போய் இறங்கிடலாம். சாயங்காலம்தான் சிக்கல். பேங்க்ல கணக்கு முடியுற நேரம் ஒரு நாள் ஆறு, ஒரு நாள் எட்டு, ஒரு வண்டியை விட்டா ஸ்டேஷன்லயே உக்காரணும், மாசக் கடைசியில வீடு வந்து சேர பத்து மணி ஆகும். உங்களுக்கு வேலை நேரம் நிலையா இருந்தா தயவுசெஞ்சு சீசன் டிக்கெட் எடுங்க, எந்த காரும் அந்த செலவுல ஓடாது. இதை நான் மனசார சொல்றேன்.

கேள்வி: இப்ப போய் யாராவது டீசல் வாங்குவாங்களா? பெட்ரோல் போதாதா?

ஓட்டத்தைப் பொறுத்தது. ஒரு காலத்துல கண்ணை மூடிக்கிட்டு டீசல் வாங்குனாங்க, 2012 மே மாசம் டெல்லியில பெட்ரோல் 73 ரூபா, டீசல் 41 ரூபா, அந்த வித்தியாசத்துக்காகவே வாங்குன கூட்டம் அது. 2014 அக்டோபர்ல டீசல் விலையையும் மார்க்கெட்டுக்கு விட்டதும் அந்த இடைவெளி சுருங்கிடுச்சு. இப்ப டீசல் காப்பாத்துறது விலையால இல்ல, மைலேஜால.

அக்கா கணக்கை சொல்றேன். மாசம் 3,250 கிலோமீட்டர். டீசல் 93 ரூபா, பெட்ரோல் 102 ரூபான்னு வெச்சுக்கிட்டேன். 80-90ல ஓட்டுற ஹைவேல பெட்ரோல் செடான் 17 கொடுக்கும்னா மாசம் 19,500 ரூபா. டீசல் செடான் 21 கொடுக்கும்னா 14,400 ரூபா. மாசம் 5,100, வருஷத்துக்கு 61,000 ரூபா மிச்சம். இதே மாசம் 1,000 கிலோமீட்டர்தான் ஓட்டுவீங்கன்னா மிச்சம் 1,600 ரூபாகூட வராது, ஒரே ஒரு இன்ஜெக்டர் வேலை வந்தா அந்த வருஷ மிச்சம் மொத்தமும் போயிடும். என் கணக்குல மாசம் 2,000 கிலோமீட்டருக்கு கீழ ஓட்டுறவங்க டீசல் பக்கமே வரவேணாம், பேசாம நல்ல பெட்ரோல் வண்டியா பாத்து வாங்கிடுங்க.

இன்னொண்ணு, இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய பெட்ரோல் வண்டிக்கு அதனால மைலேஜ் கொஞ்சம் குறையும், செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் பாக்குறவங்க இதையும் சேத்து கணக்கு போட்டுக்கோங்க.

கேள்வி: எலக்ட்ரிக், சிஎன்ஜி எல்லாம் பாக்கலையா?

பாத்தோம். உண்மையை சொல்லணும்னா சொந்த வீடு, கார் நிறுத்துற இடத்துல பிளக் போட வசதி இதெல்லாம் இருக்குறவங்க முதல்ல எலக்ட்ரிக்கைத்தான் பாக்கணும். 130 கிலோமீட்டருக்கு 18-19 யூனிட் ஆகும், யூனிட் 10 ரூபான்னு வெச்சாலும் 190 ரூபாக்குள்ள முடிஞ்சிடும், டீசலுக்கு அதே தூரம் 575 ரூபா. ஆனா அக்கா இருக்குறது வாடகை வீட்டு மாடி போர்ஷன், கார் நிக்கிறது தெருவுல, வீட்டு ஓனர் தனி லைன் இழுக்க ஒத்துக்கல. தினமும் சார்ஜிங் ஸ்டேஷன்ல உக்காந்து போட்டுட்டு போறதுன்னா ட்ரெயின்ல காத்திருந்த கதையேதான் திரும்ப வரும். சிஎன்ஜியில பங்க் க்யூவும் டிக்கில சிலிண்டரும், வாரக் கடைசியில அம்மாவை கூட்டிட்டு ஊருக்கு போகணும்னா பெட்டி வைக்க இடம் இருக்காது.

கேள்வி: புது டீசல் செடான் ஷோரூம்ல கிடைக்குமா?

நம்ம பட்ஜெட்ல இல்ல. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்குற புகை விதி வந்தப்பவே மாருதி டீசலை விட்டுடுச்சு, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவும் வென்டோ, ராபிட் டீசலை அப்பவே நிறுத்திட்டாங்க. மிச்சம் இருந்த ஹோண்டா சிட்டியும் ஹூண்டாய் வெர்னாவும் 2023ல அடுத்த கட்ட புகை விதி வந்தப்ப டீசலை முடிச்சுக்கிட்டாங்க. இப்ப புதுசா டீசல் செடான்னா பென்ஸ், பிஎம்டபிள்யூ மாதிரிதான். எஸ்யூவில டீசல் இன்னும் வருது, ஆனா அக்கா பட்ஜெட் ஆறு ஆறரை லட்சம். அதனால செகண்ட் ஹேண்ட் தவிர வேற வழி கிடையாது.

கேள்வி: டீசல் வண்டியை 10 வருஷத்துல எடுத்துக்கிட்டு போயிடுவாங்களாமே?

அது டெல்லிக்கும் அதை சுத்தி இருக்குற என்சிஆர் பகுதிக்கும் வந்த உத்தரவு. தமிழ்நாட்டுல அப்படி கிடையாது. ஆர்சி 15 வருஷம், அதுக்கப்புறம் வண்டியை ஆர்டிஓல காட்டி எஃப்சி, அதாவது வண்டி ஓட்ட தகுதின்னு சான்று, வாங்கி அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கலாம். இந்த பயத்தாலயே நம்ம ஊர்லயும் நல்ல டீசல் வண்டிங்களை கம்மி விலைக்கு தள்ளிவிடுறாங்க, தேடி வாங்குறவங்களுக்கு அது ஒரு வகையில வசதி.

கேள்வி: லிஸ்ட்ல என்னென்ன வண்டி இருந்துச்சு?

சின்ன செடான்ல மாருதி டிசையர், ஹோண்டா அமேஸ், டொயோட்டா எட்டியாஸ். பெருசுல மாருதி சியாஸ், ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வேகன் வென்டோ. ராபிட் வென்டோவோட கூடப்பொறந்தது மாதிரி, இன்ஜின் ஒண்ணுதான், தனியா சொல்லல.

டிசையர்ல இருக்குற 1.3 டீசல் ஃபியட்டோட மல்டிஜெட், மாருதி லைசென்ஸ் வாங்கி செஞ்சது. 75 குதிரைசக்தி. நம்ம ஊர்ல இந்த இன்ஜினை பிரிச்சு மாட்டாத மெக்கானிக் கிடையாது. ஆனா டிசையர் டீசல்ல பாதி டாக்ஸி ஓடுனது, நல்லது தேடுறதே பெரும்பாடு. எட்டியாஸ் 1.4 டீசல் வெறும் 68 குதிரைசக்திதான், ஆனா சரியா பாத்துக்கிட்டா லட்சக்கணக்குல ஓடும், இதுவும் டாக்ஸியிலயே அதிகம் ஓடினதால அதே தேடல்தான். அமேஸ் 1.5 டீசல் 100 குதிரைசக்தி, அந்த சின்ன உடம்புக்கு நல்லாவே இழுக்கும், ஆனா டேங்க் 35 லிட்டர், வாரத்துக்கு ரெண்டு தடவை பங்க்குக்கு போகணும், தினம் ரெண்டு மணி நேரம் அந்த சீட்டுல உக்காந்தா இடுப்பு பிடிக்குதுன்னு அக்கா சொல்லிட்டாங்க.

சியாஸ்ல அதே 1.3 மல்டிஜெட், ஆனா 90 குதிரைசக்தி, டார்க்னு சொல்ற இழுவை 200 நியூட்டன் மீட்டர். 2015 செப்டம்பருக்கு மேல எஸ்ஹெச்விஎஸ்னு இன்ஜினுக்கு பேட்டரியால கொஞ்சம் கை கொடுக்குற ஒரு மைல்ட் ஹைப்ரிட் சேத்தாங்க, காகிதத்துல 28 மைலேஜ். நம்ம ரோட்டுல 21-22 வருது. சஸ்பென்ஷன் மெத்து மெத்துன்னு இருக்கும், பின் சீட்டு விசாலம், டிக்கி 510 லிட்டர். குறை என்னன்னா 2,000 ஆர்பிஎம்முக்கு கீழ இழுவை இல்ல, தூங்கும், கியர் ஒண்ணு குறைச்சாதான் முழிக்கும். எஸ்ஹெச்விஎஸ் பேட்டரி சாதாரண பேட்டரியை விட பெருசு, மாத்தும்போது கை கடிக்கும். 2019 மார்ச்ல இருந்து ஒரு வருஷம் மட்டும் மாருதி சொந்தமா செஞ்ச 1.5 டீசல் வந்துச்சு, 95 குதிரைசக்தி, 225 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். ஹைவேக்கு அதுதான் இன்னும் பொருத்தம், ஆனா ஓடுற வண்டி எண்ணிக்கை ரொம்ப கம்மி, பார்ட்ஸ் யோசனையில விட்டுட்டோம்.

சிட்டி 1.5 ஐ-டிடெக், 100 குதிரைசக்தி, 200 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். உள்ள உக்காந்தா வீடு மாதிரி இருக்கும், இடம் அவ்வளவு. கீழ் ஆர்பிஎம்லயே இழுக்கும், மைலேஜ்ல சியாஸுக்கு பக்கத்துல வரும். சத்தம்தான் பிரச்சனை. அலுமினியம் பிளாக், டீசல் சத்தம் கேபினுக்குள்ள நல்லாவே கேக்கும். பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவ்ல இது தெரியாது, ஒரு மணி நேரம் ஓட்டிட்டு இறங்குனா தலைக்குள்ள ஒரு இரைச்சல் மிச்சம் இருக்கும்.

வெர்னா 2017 ஆகஸ்ட் மாடல்ல இருந்துதான் பாத்தோம், அதுக்கு முந்தின ஃப்ளூயிடிக் வேகத்துல மிதக்குற மாதிரி இருக்கும்னு நான் வேணாம்னுட்டேன். 1.6 சிஆர்டிஐ, 128 குதிரைசக்தி, 260 நியூட்டன் மீட்டர், இந்த கூட்டத்துல பலசாலி இதுதான். கிளட்ச், ஸ்டீயரிங் ரெண்டும் இலகு. பின்னாடி தலை கொஞ்சம் இடிக்கும், விலையும் சியாஸை விட ஒன்றரை லட்சம் கூட.

வென்டோ 1.5 டிடிஐ எனக்கு ரொம்ப பிடிச்ச வண்டி, மறைக்கல. 250 நியூட்டன் மீட்டர், 55 லிட்டர் டேங்க், 100ல போனாலும் ரோட்டோட ஒட்டிக்கிட்டு போகும். ஆனா இது டைமிங் பெல்ட் இன்ஜின், சொன்ன கிலோமீட்டர்ல மாத்தலைன்னா பெல்ட் அறுந்து இன்ஜினே போயிடும், செகண்ட் ஹேண்ட்ல மாத்துனதுக்கு பில் கேட்டா பாதிப்பேர்கிட்ட இல்ல. 2015 கடைசி வரைக்கும் வந்த வண்டின்னா கம்பெனி அந்த வருஷம் இந்தியாவுல 3,23,700 டீசல் வண்டிக்கு புகை சாஃப்ட்வேர் மாத்தித் தர்றதா அறிவிச்சது, அது செஞ்சாச்சான்னு சர்வீஸ் ரெக்கார்டுல பாருங்க.

கேள்வி: சரி, கடைசியில எது? ஏன்?

2017 சியாஸ் டீசல், ஒரே ஓனர், 71,000 கிலோமீட்டர், 5.9 லட்சம்.

இங்க ஒரு விஷயத்தை நிதானமா சொல்லணும், ஏன்னா நானும் முதல்ல தப்பாத்தான் யோசிச்சேன். நான் குதிரைசக்தி, டார்க்னு பேப்பர்ல எழுதி ஒப்பிட்டுக்கிட்டு இருந்தேன், வெர்னா இல்லைன்னா வென்டோன்னு முடிவே பண்ணிட்டேன். அக்காதான் கேட்டாங்க, "டேய், நான் யாரை முந்தப் போறேன்? கொடைரோடு வரைக்கும் ரோடு நேரா கிடக்கு, நான் 85ல போறேன், முந்துறவன் முந்திட்டுப் போகட்டும்". யோசிச்சா அதுதான் சரி. திண்டுக்கல்-மதுரை நடுவுல மீடியன் வெச்ச நாலு வழி ரோடு. எதிர்ல வர்ற வண்டிக்கு முன்னாடி லாரியை முந்தியே ஆகணும்ங்குற அவசரமே அங்க கிடையாது. அங்க வேணும்ங்குறது சத்தம் கம்மி, சீட்டு, மெத்தான சஸ்பென்ஷன், மைலேஜ், நல்ல பிரேக், நல்ல லைட். பலம் வேணும்ங்குறது எங்கன்னா ரெண்டு வழி ரோட்டுல. எங்க சித்தப்பா பையன் தினம் வத்தலகுண்டு வழியா தேனி போறான், நடுவுல மீடியன் இல்லாத இடத்துல பஸ்ஸுக்கு பின்னாடி மாட்டுனா டக்குனு முந்தி உள்ள வரணும், டர்போ முழிக்குறதுக்கு காத்திருக்க முடியாது. அவனுக்கு வெர்னாதான்னு நானே சொன்னேன், அதைத்தான் வாங்குனான்.

அதனால "எந்த கார் நல்லது"ன்னு என்கிட்ட கேக்குறவங்களை நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், எந்த ரோடு, யார் ஓட்டப் போறா. அக்கா உயரம் அஞ்சடி ஒரு அங்குலம். சீட்டு உயரம் ஏத்த முடியலைன்னா பானட் நுனியே தெரியாது, சீட்டை முன்னாடி இழுத்தா ஸ்டீயரிங் நெஞ்சுக்கு பக்கத்துல வந்துடும். கடைசி வரைக்கும் நின்ன வண்டிங்க எல்லாத்துலயும் அக்காவை உக்கார வெச்சு கிளட்சை முழுசா மிதிக்கச் சொன்னோம், முட்டி நீளுதா, குதிகால் தரையில நிக்குதான்னு பாத்தோம். வென்டோ அங்கயே வெளிய போச்சு, கிளட்ச் கனம், அக்கா காலுக்கு ஒத்து வரல. எனக்கு வருத்தம்தான், ஆனா ஓட்டப்போறது நான் இல்லையே.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கலாமே?

வாங்கலாம், காசு இருந்தா. டீசல் ஆட்டோமேட்டிக்ல நான் துணிஞ்சு சொல்றது வெர்னா டார்க் கன்வெர்ட்டர் ஒண்ணைத்தான், ஆனா நாங்க பாத்த நல்ல வண்டி எல்லாம் எட்டு எட்டரை லட்சம் சொன்னாங்க. வென்டோல வர்ற டிஎஸ்ஜிங்குற ரெட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் ஓட்ட அருமையா இருக்கும், ஆனா வாரண்டி முடிஞ்ச வண்டியில அந்த கியர்பாக்ஸை கட்டுப்படுத்துற மெக்கட்ரானிக் யூனிட் போச்சுன்னா செலவு லட்சத்தைத் தொடும். அக்காவுக்கு ஹைவேல கியர் மாத்துற வேலை குறைவு, சமயநல்லூர் தாண்டி மதுரைக்குள்ள நுழையுற கடைசி அரைமணி நேரம்தான் கிளட்ச் மிதிக்கணும், அது போதும்னு மேனுவலே எடுத்தோம்.

கேள்வி: டெஸ்ட் டிரைவ் எப்படி பண்றது?

முந்தின நாளே போன் பண்ணி, நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிடுங்க. காலையில போய் முதல்ல பானட்டை தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்க. டீசல் இன்ஜினோட ஜாதகம் கோல்டு ஸ்டார்ட்லதான் தெரியும். ஒரே சாவியில பிடிக்கணும். வெள்ளைப் புகை நிக்காம வந்தா இன்ஜெக்டர் இல்லைன்னா கூலன்ட் உள்ள போகுது, நீலப் புகைன்னா ஆயில் எரியுது, கறுப்பா கக்குனா டர்போ, இஜிஆர் (புகையில கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுற வால்வு) பக்கம் பாக்கணும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்க, லேசா ஆவி வந்தா சரி, மூச்சு விடுற மாதிரி குபுகுபுன்னு புகை தள்ளுனா அந்த வண்டியை விட்டு வந்துடுங்க.

அப்புறம் ரோட்டுல மூணாவது கியர்ல மெதுவா போய் ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிங்க. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. விசில் சத்தம் லேசா வந்தா அது டர்போவோட வழக்கமான சத்தம்தான், ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டா டர்போ போகப்போகுது. 90ல போய் ஸ்டீயரிங்ல கை லேசா வெச்சுப் பாருங்க, ஒரு பக்கம் இழுக்குதா, நடுங்குதான்னு. முக்கியமா யார் தினம் ஓட்டப் போறாங்களோ அவங்களே அவங்க ரோட்டுலயே குறைஞ்சது 40 நிமிஷம் ஓட்டணும். ஒத்துக்காத ஓனரை நாங்க ரெண்டாவது தடவை பாக்கல.

கேள்வி: எவ்வளவு கிலோமீட்டர் ஓடின வண்டி வாங்கலாம்? மீட்டரை நம்பலாமா?

நம்பக்கூடாது. எங்களுக்கே நடந்துச்சு. மதுரையில ஒரு டீலர் 58,000 ஓடின வண்டின்னு காட்டுனாரு, பளபளன்னு இருந்துச்சு, அட்வான்ஸ் கொடுக்க கையில காசே எடுத்துட்டேன். அக்கா கிளட்ச் பெடலைப் பாத்துட்டு ரப்பர் இப்படி வழவழன்னு இருக்கேன்னாங்க. வண்டி நம்பரை வெச்சு சர்வீஸ் சென்டர்ல விசாரிச்சா ரெண்டு வருஷம் முன்னாடியே 1,12,000ல சர்வீஸ் போட்டிருக்காங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, அக்கா மாசாமாசம் சேத்து வெச்ச காசு அது.

அதனால சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத வண்டி இலவசமா கொடுத்தாலும் வேணாம். ரெக்கார்டு சரியா இருந்தா ஒரு லட்சம் தாண்டின டீசலுக்கும் பயப்பட வேண்டியதில்ல, ஹைவேல ஓடின ஒரு லட்சம் சிட்டி டிராஃபிக்ல ஓடின 50,000ஐ விட மேல்.

கேள்வி: டெல்லி வண்டி, டி போர்டு வண்டி, வெள்ளத்துல நின்ன வண்டி?

டெல்லி நம்பர் டீசல் ரொம்ப சீப்பா வரும், ஏன்னா அங்க 10 வருஷ பயம். இங்க கொண்டு வந்தா என்ஓசி, தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ், ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்னு அலைச்சல், எல்லாம் கூட்டுனா விலை வித்தியாசம் கரைஞ்சிடும். டி போர்டு, அதாவது மஞ்சள் போர்டுல டாக்ஸியா ஓடி வெள்ளைக்கு மாத்துன வண்டியை ஆர்சி வரலாறுல கண்டுபிடிக்கலாம், அதோட பின் சீட்டு முன் சீட்டை விட தேஞ்சு போயிருக்கும்.

வெள்ளம்தான் கொடுமை. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் ரெண்டுலயும் சென்னையில எத்தனையோ வண்டி மூழ்குச்சு, அதுல பலது கழுவித் துடைச்சு வெளியூருக்கு வந்துடுது. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்து சேத்துக் கறை இருக்கான்னு பாருங்க, சீட்டு அடியில தண்டவாளத்துல துரு, ஸ்டெப்னி குழியில மண், கார்ப்பெட்டை தூக்குனா ஈர வாடை. ஒண்ணு இருந்தாலும் வேணாம், எலக்ட்ரிக்கல் கோளாறு வருஷக்கணக்குல துரத்தும்.

கேள்வி: பிஎஸ்4ஆ பிஎஸ்6ஆ?

பிஎஸ்6 டீசல்ல டிபிஎஃப்னு ஒரு புகை வடிகட்டி இருக்கும். கரி சேர்ந்ததும் அதை சூடாக்கி எரிச்சுக்கும், அதுக்கு நிக்காம கொஞ்ச நேரம் சீரான வேகத்துல ஓடணும். பசங்களை ஸ்கூல்ல விடுறது, மார்க்கெட் போறதுன்னு மட்டும் ஓட்டுறவங்களுக்கு அது அடைச்சுக்கும், ஆனா தினம் ஹைவே ஓட்டுறவங்களுக்கு பிரச்சனையே வராது. பட்ஜெட் எட்டுக்கு மேல இருந்தா 2020-23 சிட்டி, இல்லைன்னா வெர்னா 1.5 பிஎஸ்6 பாருங்க, புகையும் கம்மி, அது நம்ம எல்லாருக்கும் நல்லது. ஆறு லட்சத்துல பிஎஸ்4தான் வரும்.

கேள்வி: பாதுகாப்புக்கு எதைப் பாக்கணும்?

ஏபிஎஸ், ரெண்டு ஏர்பேக் இல்லாத வண்டியை எவ்வளவு கம்மி விலைன்னாலும் தொடாதீங்க. பழைய மாடல்ல பேஸ் வேரியன்ட்ல இது இருக்காது, வண்டிக்கு வண்டி பாக்கணும். காரை மோத விட்டு பாக்குற குளோபல் என்கேப் டெஸ்ட்ல நாலாம் தலைமுறை சிட்டி 4 ஸ்டார், எட்டியாஸும் 4 ஸ்டார் வாங்கியிருக்கு. பாதுகாப்பை மட்டும் வெச்சு பாத்தா சிட்டியை எடுத்திருக்கணும்னு இன்னும் எனக்கு ஒரு ஓரத்துல தோணும், ஆனா அந்த சத்தத்துல வர்ற அசதியும் ஆபத்துதானேன்னு அக்கா சொன்னதுல நியாயம் இருந்துச்சு.

வண்டியை விட டயர் முக்கியம். வருஷம் 39,000 கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு செட் டயர். வாங்குன அன்னைக்கே நாலும் புதுசு மாத்துனோம், பழசுல கோடு இருந்தும் அஞ்சு வருஷ டயர் அது. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தா பாலிஷ் போடுங்க, உயரம் சரி பண்ணுங்க. வாடிப்பட்டி பக்கம் ராத்திரியில ராங் சைடுல லைட் இல்லாம பைக் வரும், மீடியன் இடைவெளியில மாடு நிக்கும், தைப்பூச நேரத்துல பழனிக்கு பாதயாத்திரை போறவங்க ரோட்டோரம் கூட்டமா நடப்பாங்க. அந்த நாள்கள்ல அக்கா 60தான்.

கேள்வி: டோல் செலவு?

கொடைரோட்டுல ஒரு டோல்தான். 2025 ஆகஸ்ட் 15ல இருந்து ஃபாஸ்டேக் வருஷ பாஸ் வந்துடுச்சு, தொடங்கினப்ப 3,000 ரூபா, ஒரு வருஷம் இல்லைன்னா 200 தடவை, எது முதல்ல வருதோ அது. போறது ஒண்ணு வர்றது ஒண்ணுன்னு கணக்கு, அதனால அக்காவுக்கு நாலு மாசத்துல தீந்துடும், வருஷத்துக்கு மூணு பாஸ். அப்படியும் அந்த தொடக்க விலைக்கு ஒரு தடவைக்கு 15 ரூபாதான் ஆச்சு. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க பழைய ஓனரோட ஃபாஸ்டேக்கை முதல்ல க்ளோஸ் பண்ண வெச்சு உங்க பேர்ல புதுசு எடுங்க.

கேள்வி: ஆர்சி, இன்ஷூரன்ஸ் மாத்துறதுல கவனிக்க வேண்டியது?

லோன் முடிஞ்சிருந்தா பேங்க் என்ஓசி, ஃபார்ம் 35, ஹைப்போதிகேஷன் (வண்டி மேல லோன் இருக்குன்னு போட்ட குறிப்பு) நீக்கினது ஆர்சில தெரியணும். ஓனர் பேர் மாத்துற ஃபார்ம் 29, 30 கையெழுத்து வாங்குன கையோட ஆர்டிஓல போட்டுடுங்க, அப்புறம் பாக்கலாம்னு விடாதீங்க. பழைய செலான் பாக்கி இருக்கான்னு நம்பர் போட்டு பாருங்க. இன்ஷூரன்ஸ் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு வரணும், பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

கேள்வி: தினமும் ஓட்டுறப்ப என்ன பழக்கம் வேணும்?

ஹைவேல இருந்து வந்து டக்குனு சாவியைத் திருப்பாதீங்க, முக்கால் நிமிஷம் ஐடிலிங்ல விடுங்க, டர்போ ஆயுசு கூடும். டாப் கியர்ல 50ல இழுக்க விட்டு முக்கவைக்காதீங்க. 10,000க்கு ஒரு சர்வீஸ்னா அக்காவுக்கு மூணு மாசத்துக்கு ஒண்ணு வருது, வருஷத்துக்கு ஒரு தடவைதானேன்னு மத்தவங்க மாதிரி இருக்க முடியாது, காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்காங்க. டீசல் ஃபில்டர்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க, டேங்க்கை காலி வரைக்கும் விடாதீங்க, கூட்டம் இருக்குற ஒரே பங்க்ல போடுங்க. காத்தை வாரம் ஒரு தடவை டயர் குளிர்ந்து இருக்கும்போது பாருங்க.

கேள்வி: ராத்திரி வண்டி நின்னுட்டா அக்கா தனியா என்ன பண்ணுவாங்க?

அம்மா தினமும் கேட்ட கேள்வி இது. இன்ஷூரன்ஸ்ல ரோடுசைடு அசிஸ்டன்ஸ் சேத்துக்கிட்டோம். நேஷனல் ஹைவேல எங்க நின்னாலும் 1033க்கு போன் பண்ணலாம், ரோந்து வண்டியும் கிரேனும் அனுப்புவாங்க. ஹசார்டு போட்டு, முக்கோண ரிஃப்ளெக்டரை நல்லா பின்னாடி தள்ளி வெச்சுட்டு, வண்டிக்குள்ள உக்காராம ரோட்டோர தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிக்கணும், ஏன்னா நிக்கிற வண்டியில பின்னாடி வந்து மோதுறதுதான் ஹைவேல அடிக்கடி நடக்குது. ஸ்டெப்னி மாத்துறதை அக்காவே ரெண்டு தடவை வீட்டு வாசல்ல செஞ்சு பழகுனாங்க, வண்டியோட வந்த குட்டை ஸ்பேனருக்கு பலம் பத்தல, நீளக் கைப்பிடி வெச்ச வீல் ஸ்பேனர் ஒண்ணு தனியா வாங்கி டிக்கில போட்டிருக்கோம். இது வரைக்கும் ஒரு தடவை பஞ்சர், பள்ளபட்டி பக்கம், சாயங்காலம் ஏழு மணி. மாத்தி முடிச்சுட்டுதான் எனக்கு போன் பண்ணாங்க.